சுவர் பார்த்த மிஷின்

பையின் கைப்பிடிப் பட்டை ஒரு பக்கம் தைத்தாகிவிட்டது. இன்னொரு பக்கம்தான் பாக்கி, அதையும் தைத்துவிட்டால் அவர் கிளம்பிவிடுவார். நாகஜோதிக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. கம்பெனியில் காலர் வைக்கிற மிஷினில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து லைன்காரிகள் எட்டிப் பார்த்துவிட்டு, இவள் கைக்குள் என்னவோ புகுந்திருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு ரெக்ஸின் பைக்குப் பட்டை வைக்க மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. கனமான துணிக்கு இந்த ஊசி ஆகாது என்று மாற்றினாள். மாற்றிய ஊசியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். பாபின் நிறைய நூல் இருந்தும் அதைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றினாள். எதிரே சுவர். சுவரில் மளிகைக்கடைக் காலண்டர், அதற்குக் கீழே பிளக் பாயின்ட், அந்த பிளக் பாயின்ட்டுக்காகத்தான் மோட்டார் வைத்த இந்தப் பழைய மிஷினை வாங்கிய நாளிலிருந்து சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறது. முதுகுக்குப் பின்னால் வாசல். வெளியே குழாயடியில் அவர் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. காலையிலிருந்து அவள் புருஷன் அழகுராஜா வீட்டில் ஒவ்வொன்றாக ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்போதிருந்தோ சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்கு இன்றைக்குத்தான் வாஷர் வந்திருக்கிறது. கேஸ் டியூப்பை மாற்றினார், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார், மகள் பாட்டி வீட்டிலிருந்து லீவு முடிந்து வந்தால் எட்டுமோ எட்டாதோ என்று பார்த்துப் புத்தக அலமாரியை ஒரு ஜாண் இறக்கி அடித்தார். ஊரைவிட்டுப் போகிற ஆம்பிளைக்கு வீட்டின் மேல் எங்கிருந்துதான் இத்தனை அக்கறை வருமோ என்று நினைத்தாள். நூலைக் கோர்த்தாள்.

ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிக்கு ஆள் கேட்கிறார்கள் என்று புதன்கிழமை சொன்னார். சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். வடக்கே சத்தீஸ்கர் பக்கம், போனால் மழைக்காலம் வரைக்கும் திரும்ப முடியாது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேடசந்தூர் பிரிவில் வண்டி நிற்கும், போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் அவர் அந்த வேலையில்தான் இருந்தார். இரவும் பகலும் குழாய் இறக்குகிற இரைச்சலில் ஒரு காது கொஞ்சம் மந்தமாகி, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லி விட்டுவிட்ட வேலை. அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனால் அவருக்குத் தெரிந்தது தப்பு. அதுதான் அவளைப் போட்டு அறுத்தது. அவர் தன் மனதில் ஒரு காரணத்தை எழுதி வைத்துக்கொண்டு அதற்காக ஊரைவிட்டுப் போகிறார், அந்தக் காரணம் பொய் என்று சொல்ல அவளிடம் ஒரு வார்த்தை இருக்கிறது, அந்த வார்த்தை தொண்டைக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. பட்டையை மடித்து ஊசிக்கு அடியில் வைத்தாள். ஒரு அங்குலம் தைத்தாள். நிறுத்தினாள். குழாயடிச் சத்தம் நின்றிருந்தது. வருகிறாரோ. இல்லை, மறுபடி தட்டுகிறார். அவர் எங்கே இருக்கிறார் என்று காது இப்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கிறது, கட்டிய புருஷன் வீட்டுக்குள் எந்த மூலையில் நடக்கிறார் என்று ஒருத்தி காவல் காக்கிறாள், நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. முன்பெல்லாம் அப்படியா. வேலை விட்டு வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பாவாடை, ஜாக்கெட் என்று அவள் இந்த மிஷினில் உட்கார்ந்தால் அவர் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று தலையில் ஒட்டியிருக்கிற நூலையும் பஞ்சுப் பிசிறையும் ஒவ்வொன்றாக எடுப்பார். கம்பெனிக்காரி தலையில் எப்போதும் பிசிறு இருக்கும், எத்தனை துணி கட்டினாலும் ஏறிவிடும். எடுத்ததை எல்லாம் உருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சேர்த்து வைத்தால் எனக்கு ஒரு பனியன் ஆகும் என்பார். அவள் காலை பெடலில் அமுக்கியபடியே சிரிப்பாள். மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பின்கழுத்தில் அவருடைய விரல், அந்த விரலில் கிரீஸ் வாசனை, அதுதான் அவளுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்கிற நிம்மதி. அந்த இடம்தான். சரியாக அதே இடம்தான். படுபாவி வேறு இடம் பார்த்திருக்கக் கூடாதா என்று கூட ஒருநாள் நினைத்தாள், நினைத்துவிட்டு இப்படியெல்லாமா ஒரு பொம்பளை நினைப்பாள் என்று அழுதாள்.

ரவீந்திரன் என்று பெயர். லைன் சூப்பர்வைசர். சட்டையை இஸ்திரி கலையாமல் போட்டிருப்பான், யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ஏம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவான், வெளியே பார்க்கிறவர்கள் தங்கமான ஆள் என்பார்கள். தையல் லைனில் எல்லா மிஷினும் ஒரே பக்கம் பார்த்துத்தான் கிடக்கும், முன்னால் இருப்பவளின் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் இருப்பவள் தைப்பாள், சூப்பர்வைசர் எப்போதும் முதுகுப் பக்கமாகத்தான் வருவான். வந்து நிற்பது தெரியாது. அத்தனை மிஷினும் சேர்ந்து போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. முதலில் கழுத்தில் மூச்சு படும். அப்புறம் காலரில் ஒரு தையலைக் காட்டுகிற மாதிரி குனிவான், அவன் உடம்பு தோளில் வந்து சாயும், இன்னொரு கை பின்கழுத்தில் இருக்கும். வாய் தையலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும், நடுநடுவே வேறொன்று சொல்லும், பிறகு மறுபடி தையலைப் பற்றிப் பேசும். அந்த வேறொன்றை அவள் விசாரணைக் கமிட்டியில் சொன்னாள், சங்கத்து மேரியக்காவிடம் சொன்னாள், இவரிடம் சொல்லவில்லை. பெடலிலிருந்து காலை எடுக்கவும் முடியாது. அவள் காலர் வைத்து அனுப்பினால்தான் அடுத்தவள் சட்டைக் கை தைக்க முடியும், அவள் நின்றால் லைன் முழுக்கப் பீஸ் தேங்கும், எல்லாருக்கும் டார்கெட் விழாது, எல்லாருக்கும் வசவு விழும். அதனால் கை ஓடியது, கால் அமுக்கியது, அவன் நின்றான், மிஷின் ஓடியது. நின்றபடி அவன் தொட்டதைவிட, அவன் தொட்டுக்கொண்டிருக்கும்போது தான் தைத்துக்கொண்டிருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கு ஒத்துக்கொண்டு தைக்கிற மாதிரி ஒரு நேரான தையல். அந்த மாசமெல்லாம் அவள் வைத்த காலர் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எந்த ஊர் துரைக்கழுத்திலோ அது இருக்கும். நாசமாகப் போக.

இப்போது பட்டையில் தையல் கோணிவிட்டது. பிரித்தாள். கோணட்டும், நல்லதுதான், பிரித்துத் தைக்க நேரமாகும். பக்கத்து மிஷின் ஈஸ்வரிதான் முதலில் கண்டுபிடித்தாள். பேச்சு வைத்துக் கண்டுபிடிக்கவில்லை, ஊசியை வைத்துத்தான். உனக்கு இந்த வாரம் இத்தனை ஊசி ஏன் உடையுது என்று கேண்டீனில் வைத்துக் கேட்டாள். இவள் நூல் சரியில்லை என்றாள். ஈஸ்வரி சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, எனக்கும் போன வருசம் நூல் சரியில்லாமத்தான் இருந்துச்சு என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் சாப்பிடாமல் எழுந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி அவளைச் சங்கத்துக்குக் கூட்டிப் போனாள். சங்கம் என்றால் என்னவோ கொடியும் மைக்கும் என்று நினைத்திருந்தாள், பேக்கரி மாடியில் ஒரு அறை, கீழேயிருந்து பன் வேகிற வாசனை, தரையில் பாய், பிளாஸ்டிக் நாற்காலியில் ஆரோக்கியமேரி அக்கா. பஞ்சுமில்லில் வேலை பார்த்து இழுப்பு வாங்கிக்கொண்டு வந்தவர், இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சுக்கு நிறுத்துவார், அந்த நிறுத்தத்தில் எதிரில் இருப்பவர் தானாகப் பேசிவிடுவார்கள். நாகஜோதியும் அப்படித்தான் பேசினாள். பேச ஆரம்பித்தவள் பாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள், நிமிர்ந்தபோது ஓரத்தில் இருந்த செக்கிங் பெண்ணொருத்தி அழுதுகொண்டிருந்தாள், நான் மட்டுந்தான்னு நெனச்சேன் என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். பேக்கிங்கில் இருக்கிற பேரன் எடுத்த அம்மா ஒருவர், அவரும் அதையே சொன்னார். ஒரே லைனில், ஒரே கூரையில், முதுகைப் பார்த்து முதுகு உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் நான் மட்டுந்தான் நான் மட்டுந்தான் என்று தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அன்றைக்கு அழுத அழுகை இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, அது துக்கம் இல்லை, அது பாரத்தை இறக்கிவைத்த அழுகை. இந்த வீட்டில் அப்படி ஒரு பாய் இருந்திருந்தால். இங்கே யார் இருக்கிறார்கள், நான் மட்டுந்தான், அவர் மட்டுந்தான்.

தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது, குழாய் சரியாகிவிட்டது போல. கை கழுவுகிறார். இனி முகம் கழுவுவார், சட்டை மாற்றுவார், பை கேட்பார். பட்டையை இறுக்கிப் பிடித்தாள். சொல்லிவிடேன். எங்கே ஆரம்பிப்பது. காலில் ஆரம்பிக்க வேண்டும், காலுக்கு இந்தப் பழக்கம் வந்த கதையில். புகார் கொடுத்தவுடன் ஹெச்.ஆர். அறையில் கூப்பிட்டு உட்காரவைத்து ஜூஸ் கொடுத்து, உன் பாதுகாப்புக்காக உன்னை வேறு யூனிட்டுக்கு மாற்றுகிறோம் என்றார்கள். அவள் தலையாட்டிவிட இருந்தாள். தப்பு செய்தது அவன், இடம் மாறுவது இவளா, அவனை நகர்த்துங்கள் என்றார் கூட வந்திருந்த மேரியக்கா, குரலைக்கூட உயர்த்தவில்லை. புகார்க் கமிட்டி என்று ஒன்று போர்டில் மட்டும்தான் இருந்தது, அதில் பெயர் இருந்த ஒரு அம்மா வேலையை விட்டுப் போய் வருஷமாகியிருந்தது, அதை மறுபடி போடவைத்து, வெளியேயிருந்து ஒரு வக்கீல் அம்மாவையும் சேர்க்கவைக்க சங்கம் நடையாய் நடந்தது. அதுவரைக்கும் அவன் லைனில்தான் இருந்தான். முன்னைவிடப் பக்கத்தில் வந்து நின்றான், ஒன்றும் பேசாமல் நின்றான். அதைக் கேட்டுவிட்டு மேரியக்கா கொஞ்ச நேரம் மூச்சுக்கு நிறுத்தினார். பிறகு சொன்னார், வேலை நிறுத்தம் வேணாம், கோஷம் வேணாம், அவன் யார் முதுகுக்குப் பின்னால வந்து நிக்கிறானோ அப்ப லைன் மொத்தமும் பெடல்ல இருந்து காலை எடுத்துருங்க, அவன் நகர்ந்ததும் வச்சுருங்க, யாரும் திரும்பிக்கூடப் பாக்காதீங்க. மறுநாள் அவன் வந்தான். ஈஸ்வரி காலை எடுத்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவள் எடுத்தாள். வரிசையாக மிஷின்கள் நின்றுகொண்டே போய் கடைசியில் நாகஜோதி தன் காலை எடுத்தாள். அந்த ஷெட்டில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. மேலே ஃபேன் சுற்றுகிறது. யாரோ ஒருத்தி செருமுகிறாள். அவன் ஷூ தரையில் உரசுவது கேட்டது, அவ்வளவு நாள் அவன் நடப்பதற்கு ஒரு சத்தம் உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. அவன் ஏம்மா, ஏம்மா என்று சொல்லிப் பார்த்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவன் குரல் வெளியே வந்து விழுந்தது. அதில் அவனால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. நகர்ந்தான். மிஷின்கள் ஓடின. அப்புறம் தினமும் அதேதான். கால் தானாகவே பழகிவிட்டது, முதுகுக்குப் பின்னால் நிழல் விழுந்தால் போதும், மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் கால் எழுந்துவிடும். விசாரணையில் ஒருத்திகூட மாற்றிச் சொல்லவில்லை. அவனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். இனி சூப்பர்வைசர் யாரும் பெண்கள் பின்னால் நின்று பேசக்கூடாது, முன்னால் வந்துதான் பேசவேண்டும் என்று சங்கம் எழுதி வாங்கி, லைனுக்கு முன்னால் தரையில் மஞ்சள் பெயின்ட்டில் கோடு போடவைத்தது. புதிதாக வந்த பையன் அந்தக் கோட்டில் நின்று கூச்சத்தோடு பேசுவான். ஜெயித்துவிட்டோம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஜெயித்தோம்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜெயித்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. அவள் இதே இடத்தில் மகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள், அவர் எப்போதும்போலச் சத்தமில்லாமல் பின்னால் வந்து தலையில் இருந்த பிசிறை எடுக்கக் கை வைத்தார். கால் எழுந்துவிட்டது. மிஷின் நின்றது. கழுத்து கட்டையாகிவிட்டது. அவர் கையை எடுத்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்காதே என்பதும் சேர்ந்து பழகியிருந்தது. அவர் வெளியே போனார். அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும். அந்த மூன்றாவது தடவை அன்றைக்கு ராத்திரி ஒருமுறைதான் கேட்டார், எங்க தொட்டான் என்று. மெதுவாகத்தான் கேட்டார், கோபமாகக்கூட இல்லை. ஊர் பேர் தெரியாத வக்கீல் அம்மாவிடம் சொன்னவளுக்கு இவரிடம் வாய் வரவில்லை, நீங்கள் தொடுகிற அதே இடத்தில்தான் என்று எப்படிச் சொல்வது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். புகார் கொடுக்கும்போது ஊரில் ரெண்டு பேர் இவளைப் பற்றி என்னவோ பேசியதை அவர் டீக்கடையில் கேட்டுக்கொண்டு சும்மா வந்துவிட்டார், அது இவளுக்குத் தெரிந்துபோய்த்தான் தன்னை வெறுக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதையும் அவர் இவளிடம் சொல்லவில்லை, ஈஸ்வரியின் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் ஈஸ்வரியிடம் சொல்லி, போன வாரம்தான் இவள் காதுக்கு வந்தது. இப்படித்தான் இந்த வீட்டில் ஒரு பேச்சு ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்கு வர நாலு வீடு சுற்றி வருகிறது. மேரியக்காவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா, உன் வீட்டுக்காரன்கிட்டயே சொல்லு தாயி, நான் வேணா வந்து கூட உக்காந்துக்கிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் சங்கத்தைக் கூட்டுவார்களா என்று வீம்பு. வரச் சொல்லியிருக்கலாம். கம்பெனியில் அத்தனை கால் ஒன்றாக எழுந்தபோது அது பலமாக இருந்தது. இங்கே ஒரே ஒரு கால் எழுகிறது, எதிரே நிற்பது அவள் உயிரையே வைத்திருக்கிற மனுஷன்.

நூல் தீரவில்லை, ஊசி உடையவில்லை, கரண்டும் போகவில்லை. ஊருக்கே மத்தியானம் போகிற கரண்ட் இன்றைக்கு மட்டும் போகவில்லை. கடைசித் தையல்தான். இரட்டைத் தையலாகப் போடலாம், வடக்கே போகிற பை, ஸ்பேனரும் போர்வையும் சுமக்கிற பை, மூன்றாகக்கூடப் போடலாம். போட்டாள். அப்போது வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. சோப்பு வாசனை வந்தது. கால் பெடலிலிருந்து எழுந்துவிட்டது, ஊசி பட்டைக்குள் பாதி இறங்கியபடி நின்றது.

“இன்னும் முடியலையா?” என்று பின்னாலிருந்து கேட்டார். மிஷின் நின்றதைப் பார்த்தவர், “சரி சரி, நான் வெளியில நிக்கிறேன்” என்று நகரப் போனார்.

அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “மாமா, போகாதீங்க. அங்கயே நில்லுங்க. நான் திரும்பாம ஒண்ணு சொல்றேன், முடிக்கிற வரைக்கும் எதுவும் கேக்காதீங்க.”

சொன்னாள். சுவரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள், காலர், மூச்சு, கழுத்தில் எந்த இடம், அவன் சொன்ன அந்த வேறொன்று, பேக்கரி மாடி, காலை எடுத்தது, அத்தனை பேரும் எடுத்தது, கால் இன்னும் அதை மறக்காமல் இருப்பது. டீக்கடைச் சமாச்சாரம் எனக்குப் போன வாரம்தான் தெரியும், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னாள். எத்தனையோ நாள் தொண்டையில் கிடந்தது இத்தனை சின்னதாகவா இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. போய்விட்டாரோ என்று நினைத்தாள். அப்புறம் பின்னால் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அப்ப என்னைய வெறுக்கலையா நீ?”

“இல்ல மாமா.”

“இத்தன நாளா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார். “சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா ஜோதி, நீ காலை எடுக்குறப்ப பின்னால நிக்கிறது நான்தான. அந்த நேரத்துல நான் அவனா ஆயிடுறேன். இப்பவும் ஆனேன். அத எப்படித் தாங்குறதுன்னு எனக்குத் தெரியல” என்றார்.

இல்லை என்று சொன்னால் பொய், ஆமாம் என்று சொன்னால் கொலை. மேரியக்கா இருந்தால் இந்த இடத்தில் மூச்சுக்கு நிறுத்துவார். அழகுராஜா பக்கவாட்டில் சுற்றி வந்து, அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, எழுந்திரு என்று கையால் காட்டினார். எழுந்தாள். பிளக்கைப் பிடுங்கினார். மிஷினின் இரண்டு காலையும் பிடித்து, கால் தரையில் இழுபட்டுக் கீறல் விழ, சுவரை விட்டு நகர்த்தி அரைவட்டமாகத் திருப்பினார். இனி வயர் எட்டாது. உள்ளே போய் டேபிள் ஃபேனுக்குப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்து வந்து, தடுக்காமல் சுவரோரமாக ஆணி அடித்துக் கட்டிச் செருகினார். குழாயும் கேஸும் கீலும் மாதிரி இதையும் ஒரு ரிப்பேராகப் பார்த்து முடித்தார். ஸ்டூலை மறுபக்கம் போட்டார். இப்போது அவள் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் காலண்டர், கண்ணுக்கு நேரே வாசல். கம்பெனியில் அத்தனை சண்டை போட்டு மஞ்சள் கோடு வாங்கியவர்களில் ஒருத்திக்கு, வீட்டு மிஷினைத் திருப்பிப் போடலாம் என்று தோன்றவில்லையே என்று நினைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

தைச்சுக் கொடு, வண்டி நிக்கும் என்றார். அவர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, பட்டையின் கடைசி மூலையை அவள் தைத்தாள். கால் எழவில்லை. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூலை அறுத்துப் பையை நீட்டினாள், போகணுமா என்று கேட்டாள், அழாமல்தான் கேட்டாள். வாக்குக் கொடுத்துட்டேன், அங்க ஆள் இல்ல, அது மட்டும் இல்ல ஜோதி, எனக்கும் கொஞ்ச நாள் வேணும் என்றார். அவள் தலையாட்டினாள். அவர் துணியை அடுக்கி ஜிப்பை இழுத்தார், பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், தைக்கத் தெரிந்தவள் தைத்தது, அது எங்கே அறும். வாசல்வரை போனவர் திரும்பி அவள் முன்னால் வந்து நின்றார்.

“தலையில நூல் ஒட்டியிருக்கு” என்றார்.

பழைய ஞாபகத்தில் கை நீண்டு வந்தது. முன்னாலிருந்துதான் வந்தது, வருவது தெரிந்துதான் வந்தது, எடுங்க மாமா என்று சொல்ல அவள் வாயைத் திறந்துவிட்டாள். கழுத்து கட்டையாகிவிட்டது. அவர் பார்த்தார். நீண்ட கை அப்படியே கொஞ்ச நேரம் நடுவில் நின்று, பிறகு இறங்கிப் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டது. வலது பக்கம், காதுக்கு மேல, நீயே எடுத்துக்க என்றார், சிரிக்கக்கூட முயற்சி செய்தார். படி இறங்கினார். திருப்பிப் போட்ட மிஷினிலிருந்து தெரு முழுக்கத் தெரிந்தது, தண்ணீர்த் தொட்டி, அடிபம்பு, வேலி, அப்புறம் ரோடு. ரோடு திரும்புகிற இடம்வரைக்கும் அவர் முதுகு தெரிந்தது. இனி யார் வந்தாலும் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். வலது பக்கம், காதுக்கு மேல். அவள் அதை எடுக்கவில்லை.